நூற்றுப் பதினேழாம் பக்கத்து ஜன்னல்

அந்தப் பேனாவுக்கு மை கிடையாது. முதல் நாள் கையில் வாங்கியபோது அவள் பழக்க தோஷத்தில் மூடியைத் திருகிப் பார்த்தாள். திருகுகிற மூடி இல்லை என்று தெரிந்ததும் ஒன்றும் நடக்காதது போல மேசைமேல் வைத்துவிட்டாள். ஆனால் தலைமை எழுத்தர் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

"எழுதுற பேனா இல்லம்மா. வாசிக்கிற பேனா," என்றார்.

பார்வைக்குத் தடித்த மார்க்கர் மாதிரி இருந்தது. நிப் இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு கண்ணாடி. அச்சடித்த வரியின் தொடக்கத்தில் வைத்து லேசாக அழுத்தினால் வெளிச்சம் வரும். அப்படியே வரியோடு இழுத்துக்கொண்டு போனால், அந்த வரி கணினித் திரையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பக்கவாட்டில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் பிடித்த வரிகளை ஒரு பெண் குரல் வாசித்தும் காட்டும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. யாரோ தூங்கி எழுந்த முகத்தோடு பேசுவது போன்ற குரல்.

"அந்தக் குரல மட்டும் குறைச்சு வச்சுக்கங்க. பக்கத்து ரூம்ல அப்புறம் கேப்பாங்க," என்றார் தலைமை எழுத்தர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

பக்கத்து அறைக்காரர்கள் இருபத்திரண்டு வருடமாக அந்த அறையிலிருந்து ஒரு குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல் நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது.

நீதிமன்றக் கட்டடத்தின் பின்பக்கம், மாடிப்படிக்கு அடியில் தொடங்கி நீளமாகப் போகிற அறைதான் நகல் பிரிவு. யாராவது பழைய தீர்ப்பு வேண்டும், சாட்சி சொன்னது வேண்டும் என்று விண்ணப்பம் போட்டால், மூல ஆவணக் கட்டை எடுத்து, அதில் உள்ளதை அப்படியே இன்னொரு தாளில் அடித்து, உண்மை நகல் என்று முத்திரை குத்திக் கொடுப்பது அங்கே வேலை. கூடவே ஒரு பிரதி அலுவலகத்துக்கு. அந்தப் பிரதிகளை வருட வாரியாகத் தைத்துத் தொகுதியாகக் கட்டி அலமாரியில் அடுக்குவார்கள். உள்ளது உள்ளபடி என்பதுதான் அந்த அறையின் ஒரே சட்டம். மூலத்தில் ஒரு சாட்சிக்கு வயது நூற்றுநாற்பது என்று இருந்தால் நகலிலும் அவருக்கு நூற்றுநாற்பதுதான். அவரை இளமையாக்க நாம் யார் என்பார்கள்.

அவள் அங்கே வந்தது இருபத்துநான்கு வயதில். கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு, வேலை கிடைக்கும் வரை சும்மா இருப்பானேன் என்று தட்டச்சு கற்றுக்கொண்டவள். சும்மா இருக்காமல் கற்றுக்கொண்டதே வேலையாகிவிட்டது. இடது கைக்காரி. விரல் நல்ல வேகம், வாய் படு மந்தம். அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், கேட்கிறவர் போய்க் கால் கழுவிவிட்டு வந்து முடிவைக் கேட்கலாம். அவள் கணவர் குழாய் வேலை செய்கிறவர். "எங்க வீட்டம்மாவுக்குக் கையில தண்ணி நல்ல வேகமா வரும். வாயில மட்டும் எங்கயோ அடைப்பு. நானும் தேடித்தான் பாக்கிறேன்," என்பார்.

அவளுக்கு எதிர் நாற்காலியில் இருந்தவரைக் கட்டடம் முழுவதும் 'ரேடியோ' என்று அழைத்தது. அவள் மட்டும் அக்கா என்று அழைத்தாள். மூலத்தை வாசித்துச் சொல்வது அக்காவின் வேலை, கேட்டு அடிப்பது இவள் வேலை. காலையில் பத்து மணிக்குத் திறந்த வாய், மதியம் சாப்பிட மட்டும் வேறு வேலைக்குப் போகும். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, புதுப் பத்தி எல்லாவற்றையும் சேர்த்தே வாசிப்பார். அது நாக்கில் ஊறி, கடையில் போய், "வெங்காயம் ஒரு கிலோ கமா உருளைக்கிழங்கு அரைக்கிலோ முற்றுப்புள்ளி" என்று கேட்டுவிட்டு வந்ததாக அவரே சொல்லிச் சிரிப்பார்.

அக்காவிடம் ஒரு விசித்திரம் உண்டு. அவருக்கு இரண்டு குரல் கிடையாது. தீர்ப்பையும் தேநீரையும் ஒரே குரலில் சொல்வார். "பிரதிவாதி இதை மறுத்துள்ளார் முற்றுப்புள்ளி டீ ஆறுது குடி புதுப் பத்தி மேற்படி நிலமானது" என்று ஒரே ஓட்டமாகப் போகும். இதில் எது விரலுக்கு, எது தனக்கு என்று பிரித்தெடுப்பது அவள் பொறுப்பு. வந்த புதிதில் திணறினாள். ஒரு மாதத்தில் காதுக்குள்ளேயே ஒரு சல்லடை வந்துவிட்டது. அதன் பிறகு அதில் தான் ஒரு முறைகூடத் தவறியதில்லை என்றுதான் நினைத்திருந்தாள். அக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

அடித்து முடித்ததும் ஒப்பிட வேண்டும். அப்போது இருவரும் இடம் மாறுவார்கள். அடித்தவள் நகலை வாசிக்க, வாசித்தவர் மூலத்தில் விரல் வைத்துத் தொடர வேண்டும். ஒவ்வொரு வரி முடிந்ததும் தொடர்கிறவர் "இருக்கு" என்று சொல்ல வேண்டும். கடைசியில் பக்கத்தின் அடியில் மொத்தம் எத்தனை வரி என்று எண்ணி எழுதி, பக்கத்தில் இருவரும் சுருக்கொப்பம் போடுவார்கள். ஒப்பம் போட்ட பிறகு பிழை கண்டுபிடிக்கப்பட்டால் இளஞ்சிவப்புத் தாளில் ஒரு பிழைச் சீட்டு. அடித்தவர் பேர், ஒப்பிட்டவர் பேர், இரண்டும் அதில் ஏறும். சீட்டு இருவருடைய பணிப் பதிவேட்டிலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

"நம்ம மேசைல இருந்து ஒரு கமாகூட வழி தவறிப் போனதில்ல பாப்பா," என்பார் அக்கா. இளைத்த உடம்போடு முதல் நாள் வந்து நின்றவளைப் பார்த்து வைத்த பேர் அது. அவளுக்கு நாற்பத்தாறு வயதாகி, முன்நெற்றி நரைத்து, மகள் வெளியூரில் கல்லூரி போகத் தொடங்கிய பிறகும் பாப்பாதான். பணிக்காலம் முழுவதும் ஒரு சீட்டும் வாங்காதவர்களுக்கு ஓய்வு பெறும்போது 'பிழையற்ற பணி' என்று ஒரு சான்று தருவார்கள். அக்காவுக்கு அதன்மேல் ஒரு கண். அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்தக் குரல் கொஞ்சம் கீழே இறங்கும்.

ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா வரவில்லை. சொல்லாமல் அவர் வராமலிருந்தது கிடையாது. பதினோரு மணிக்குத் தொலைபேசி வந்தது. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். அவ்வளவுதான். அவள் தட்டச்சில் பாதி அடித்திருந்த வரியை முடித்து, தாளை உருவி, உறையைப் போட்டு மூடிவிட்டு எழுந்தாள். அந்த வரியை ஏன் முடித்தாள் என்று பின்னால் எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

அதன்பின் அந்த அறையில் அவள் பேசுவதற்கு ஆள் இல்லை. ஏற்கெனவே மந்தமான வாய், சுத்தமாகப் பூட்டிக்கொண்டது. எதிர் நாற்காலியை யாரும் எடுக்கவுமில்லை, அதில் யாரும் உட்காரவுமில்லை.

இதற்கிடையே மூலக் கட்டுகள் வைத்திருந்த நிலவறையில் ஒரு குழாய் வெடித்தது. விடுமுறை இரண்டு நாளும் தண்ணீர் ஓடியிருக்கிறது. மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது இருபது வருடத்து வழக்குகள் கூழாக நின்றன. "காகிதம் வைக்கிற இடத்துல குழாயப் போட்ட மகராசன் யாருன்னு தெரிஞ்சா ஒரு மாலை போடலாம்," என்றார் அவள் கணவர். மிஞ்சியவை அலமாரியில் இருந்த நகல் தொகுதிகள் மட்டும். இனி அவைதான் மூலம். அவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. தட்டையான ஸ்கேனரில் வைத்து அமுக்கினால் தொகுதியின் முதுகு முறிந்தது. படம் எடுத்தால், தைத்த இடத்தில் வளைந்து உள்ளே போகும் எழுத்துகள் நிழலில் முழுகின. அதனால்தான் இந்தப் பேனா. இது ஒன்றுதான் பள்ளத்துக்குள்ளும் இறங்கிப்போய் வரியைக் கொண்டு வந்தது.

முதல் இரண்டு நாள் அவளும் பேனாவும் முட்டிக்கொண்டார்கள். இடது கையால் இழுத்ததும் திரையில் எழுத்து என்ற பேரில் ஏதேதோ விழுந்தது. தலைமை எழுத்தர் கையேட்டைப் புரட்டி, இடக்கைக்காரர்களுக்கு என்று தனி அமைப்பு இருப்பதைக் கண்டுபிடித்தார். "உங்கள மாதிரி ஆளுங்க உலகத்துல இன்னும் இருப்பாங்க போல," என்றார் வியந்து. பிறகு அது படிந்துவிட்டது. வரிக்கு அடியில் இரும்பு அளவுகோலை வைத்து, அதன் விளிம்போடு இழுப்பாள். இழுக்கும்போது கண் விளிம்பில்தான் இருக்க வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் கை கோணிவிடும். எட்டு வரி பிடித்ததும் பொத்தானை அமுக்குவாள். பேனா வாசிக்கும். அவள் தொகுதியில் விரல் வைத்துத் தொடர்ந்து, ஒவ்வொரு வரிக்கும் மனதுக்குள் 'இருக்கு' என்று சொல்லிக்கொள்வாள். ஒரு நாளைக்கு நாற்பது பக்கம். உண்மையைச் சொன்னால் பேனாவை அவளுக்குப் பிடித்துப் போயிற்று. கையில் வேலை இருந்தது, யாரோடும் பேச வேண்டியதில்லை.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை பகல் பதினொன்றரை. தொகுதி பத்தொன்பது, பக்கம் நூற்றுப் பதினேழு. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இருவருக்குச் சுவரில் வைத்த ஜன்னலைப் பற்றித் தகராறு. ஒரு வீட்டுக்கார அம்மாவின் சாட்சி. எட்டு வரி பிடித்துப் பொத்தானை அமுக்கினாள். பேனா வாசித்தது.

"எதிர்வாதி சுவரை எழுப்பிய பிறகு எங்கள் சமையலறைக்கு வெளிச்சம் வருவதில்லை. சுவரில் எங்களைக் கேட்காமல் ஒரு ஜன்னலும் வைத்தார்கள். அந்த ஜன்னலச் சாத்து பாப்பா தாளெல்லாம் பறக்குது. மேற்படி ஜன்னல் வழியாக அவர்கள் எங்கள் கொல்லைப்புறத்தைப் பார்க்கிறார்கள்."

அவள் எழுந்து போய் ஜன்னல் கொக்கியில் கை வைத்தாள்.

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. பேனாவின் கண்ணாடியில் தூசி படக் கூடாது என்று மூன்று வாரமாக அதை யாரும் திறக்கவேயில்லை. கை கொக்கியில் இருக்க, அவள் அப்படியே நின்றாள். வெளியே யாரோ ஒருவர் சைக்கிளைச் சுவரில் சாய்க்க முயன்று, அது வழுக்க, மறுபடி சாய்த்துக்கொண்டிருந்தார். அந்த சைக்கிள் ஒரு வழியாக நிற்கும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து தொகுதியைப் பார்த்தாள். அச்சில் இருந்தது. பழைய தட்டச்சின் மங்கிய எழுத்தில், பதினான்காவது வரியாக, முன்னும் பின்னும் இருக்கிற வரிகளோடு தோளுரசிக்கொண்டு. பொத்தானை மறுபடி அமுக்கினாள். தூங்கி எழுந்த குரல், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், பாப்பா என்றது.

பத்தொன்பது வருடத்துக்கு முந்திய பகல் அது. அந்த ஜன்னலுக்கு அப்போது கொக்கி நிற்காது, காற்று தட்டினால் திறந்துகொள்ளும். சாட்சி சொன்னதிலேயே வரிக்கு வரி ஜன்னல் இருந்ததால், அக்கா சொன்ன ஜன்னலும் சல்லடையில் சிக்காமல் நழுவி விரலுக்குப் போய்விட்டது. சரி, ஒப்பிடும்போது எப்படித் தப்பியது? கொஞ்ச நேரம் கழித்து அதுவும் விளங்கியது. ஒப்பிடும்போது வாசித்தவள் இவள். வாய் வாசிக்கும், மனம் வேறெங்கோ இருக்கும். ஜன்னலைச் சாத்து என்று இவள் வாசித்ததும், அக்கா மூலத்திலிருந்து விரலை எடுத்து, எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, "என்னடி, இன்னைக்கு எனக்கே வேலை சொல்ற?" என்று கேட்டார். அவள் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். அக்கா "இருக்கு" என்றார். அடுத்த வரிக்குப் போனார்கள். அந்தக் கேள்வி மட்டும் எதற்கென்று தெரியாமல் இத்தனை வருடம் அவள் நினைவில் ஒரு மூலையில் கிடந்திருக்கிறது.

அவள் திரையில் அந்த வரியை அழித்தாள். சட்டென்று, யோசிக்காமல், முகத்தில் ஒட்டிய தூசியைத் தட்டுவது போல. மாதக் கடைசியில் அக்காவின் வீட்டாரை வரவழைத்து அந்தச் சான்றைக் கொடுப்பதாக இருந்தது. தலைமை எழுத்தர் பரிந்துரை எழுதி மேலே அனுப்பியிருந்தார். இந்த ஒரு வரி வெளியே தெரிந்தால் சீட்டு, சீட்டு வந்தால் சான்று இல்லை. அக்கா ஆசைப்பட்டது அந்த ஒன்றுதான்.

பக்கத்தை முடித்துவிட்டு அடியில் வந்தாள். "வரிகள் 32" என்று இருந்தது. பக்கத்தில் இவளுடைய சுருக்கொப்பம், இடப்பக்கம் சாய்ந்து. அதை ஒட்டி அக்காவுடையது, வால் நீண்டு. திரையில் இருந்தவை முப்பத்தொன்று.

அழித்ததை மறுபடி பேனாவால் பிடித்துப் போட்டாள்.

மாலையில் தொகுதியைத் தூக்கிக்கொண்டு தலைமை எழுத்தரிடம் போனாள். அவருக்குக் கட்டடத்தில் 'நாளைக்கு சார்' என்று பேர். எதைக் கொண்டு போனாலும் நாளைக்குப் பார்ப்போம் என்பார், மறுநாள் ஒழுங்காகப் பார்க்கவும் செய்வார். அவர் வரியை இரண்டு முறை படித்தார். முதலில் வாய் சிரித்தது. பிறகு நின்றுவிட்டது.

"ரேடியோம்மாவேதான்," என்றார். "இத எடுத்துட்டு மேல போங்கம்மா. யாரு வந்து கேக்கப் போறா?"

"முப்பத்திரண்டுன்னு அக்கா கையெழுத்துப் போட்டிருக்காங்க சார்."

"சரி, அப்ப இருக்கட்டும். விட்டுருங்க."

அவள் வாக்கியத்தைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் காத்திருந்தார். அவளோடு பழகியவர்களுக்கு அது தெரியும்.

"விட்டா, அந்த வீட்டம்மா சாட்சில சொன்னதா ஆயிடும் சார். அவங்க சொல்லல. பக்கத்து வீட்டோட சண்டை போட்ட மனுஷி, ஜன்னலச் சாத்துன்னு பாப்பாவுக்குச் சொன்னதா எழுதியிருந்தா, அந்த ஜன்னல் யாரோடதுன்னு நாளைக்கு ஒருத்தன் கிளப்புவான்."

"அப்ப சீட்டுதான் போடணும்."

"ஆமா."

"சீட்டு போட்டா அந்தச் சான்று போச்சு. தெரியும்ல?"

"தெரியும் சார்."

அவர் தொகுதியை மூடினார். "நாளைக்குப் பாப்போம்," என்றார். மறுநாள் வெள்ளி, அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளே முடிவு செய்யட்டும் என்று விட்டதாக அவளுக்குப் பட்டது.

சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். அக்காவின் கணவர் தச்சர். வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட பட்டறை. இழைப்புளி வைத்து ஒரு கதவின் விளிம்பைச் சீவிக்கொண்டிருந்தார். சுருள் சுருளாகச் சீவல் காலடியில் கிடந்தது. அவளைக் கண்டதும் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்கம்மா. தனியாவா வந்தீங்க? குழாய்க்காரர் எங்க?"

"யாரு வீட்டுலயோ அடைப்பு அண்ணா."

"அவருக்கென்ன, ஊருல அடைப்பு இருக்கற வரைக்கும் ராஜா."

பட்டறைச் சுவரில் வெறும் சட்டம் ஒன்று சாத்தியிருந்தது. நல்ல மரம், மூலை நான்கும் மயிரிழை தெரியாமல் சேர்ந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்.

"அந்தச் சான்றுக்கு. போன வருஷமே அளவு குடுத்துச் செய்யச் சொல்லிட்டா. கூடத்துல ஆணியும் அவளே அடிச்சு வச்சிருக்கா. தச்சன் வீட்டுல அவ்வளவு கோணலான ஆணிய நீங்க எங்கயும் பாத்திருக்க மாட்டீங்க. நான் நேர் பண்றேன்னா விட மாட்டேன்னுட்டா."

அவள் வந்த காரியத்தைத் தொடங்கினாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பேனாவிலிருந்து தொடங்கினாள். இழைப்புளி முதலில் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு மெதுவானது, பிறகு நின்றது. அவள் சொல்லி முடிக்க வெகு நேரம் ஆனது.

"திங்கக்கிழமை சீட்டு போடப் போறேன் அண்ணா," என்று முடித்தாள். "அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். தப்பு என்னோடது. ஆனா ஒப்பிட்டவங்கன்னு அக்கா பேரும் அதுல வரும். சான்று வராது."

அவர் இழைப்புளியைக் கவிழ்த்து அதன் வாயில் அடைத்திருந்த சீவலை எடுத்தார்.

"என்னன்னு சொன்னா? இன்னொரு தடவ சொல்லுங்க."

அவள் சொன்னாள்.

"பாப்பான்னு உங்களயா கூப்பிடுவா?" என்றார் அவர். "வீட்டுல எங்க டைப்பிஸ்ட்டு எங்க டைப்பிஸ்ட்டுன்னுதான் சொல்லுவா."

"ஆமா அண்ணா."

"இங்கயும் அப்படித்தான். பேப்பர வாசிச்சிட்டே இருப்பா, நடுவுல அடுப்ப அணைங்கம்பா. நான் அதுவும் பேப்பர்ல வந்திருக்குன்னு உக்காந்திருப்பேன். எத்தன தடவ பால் பொங்கியிருக்கு." சிரித்தார். கையிலிருந்த சீவலைக் கீழே தட்டிவிட்டுக் கேட்டார். "அன்னைக்குச் சாத்தினீங்களா?"

"என்னது அண்ணா?"

"ஜன்னல."

அவள் யோசித்தாள். "டைப் அடிச்சிட்டேன்," என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே கதவை நோட்டம் பார்க்கக் குனிந்தார். "சீட்டப் போடுங்கம்மா," என்றார், குனிந்தபடியே. "மத்தவங்க கமாவயே விடாதவ, சொந்தத் தப்ப விட்டுட்டோம்னு தெரிஞ்சா என்னத்தான் திட்டுவா."

திங்கட்கிழமை இளஞ்சிவப்புத் தாளை வாங்கினாள். அடித்தவர் என்ற இடத்தில் தன் பேரை எழுதினாள். ஒப்பிட்டவர் என்ற இடத்தில் அக்காவின் பேர். பிழையின் தன்மை என்று மூன்று வரி இடம் இருந்தது. 'வாசித்தவர் அருகிலிருந்தவரிடம் சொன்ன சொல். வாசித்ததில் பிழையில்லை. தன்னிடம் சொன்னதைச் செய்யாமல் அடித்துவிட்டது அடித்தவர் பிழை,' என்று எழுதினாள். கணினியில் ஏற்றிய பக்கத்தின் கீழும் ஒரு குறிப்புச் சேர்த்தாள். பதினான்காம் வரி சாட்சியின் கூற்று அல்ல, நகல் பிரிவில் ஒருவர் மற்றவரிடம் பேசியது, உள்ளபடி வைக்கப்பட்டுள்ளது.

தலைமை எழுத்தர் சீட்டைப் படித்துவிட்டு, "இந்த மாதிரி ஒரு காரணத்த இந்த ஆபீஸ் பாத்திருக்காது," என்றார். நாளைக்கு என்று சொல்லாமல் அன்றே ஒப்பம் போட்டு மேலே அனுப்பினார். பத்து நாளில் பதில் வந்தது. ஒரே வரி. பரிந்துரை திருப்பி அனுப்பப்படுகிறது.

அவள் அதைப் படித்து, கோப்பில் வைத்துவிட்டு, தொகுதி இருபதை எடுத்தாள்.

அதற்கடுத்த வாரம் ஒரு நாள் காலையில், அவள் விண்ணப்பம் வாங்க உட்கார்ந்திருந்த ஜன்னலில் வரிசை நின்றது. நான்காவது ஆளாகத் தச்சர் நின்றார். சலவைச் சட்டை, காதுமேல் வழக்கமான பென்சில். அவளைத் தெரிந்தது போலவே காட்டிக்கொள்ளவில்லை. எல்லோரையும் போலப் படிவத்தை நீட்டினார். நகல் தேவைப்படும் ஆவணம் என்ற இடத்தில், தொகுதி பத்தொன்பது, பக்கம் நூற்றுப் பதினேழு மட்டும் என்று எழுதியிருந்தது. காரணம் என்ற இடத்தில், சொந்த உபயோகம்.

"எப்ப கிடைக்கும்?" என்றார்.

"நாளன்னைக்கு அண்ணா."

அவர் போகத் திரும்பியவர், மறுபடி வந்து ஜன்னலில் குனிந்தார். "அந்தத் தாளு எவ்வளவு நீளம்மா? நான் செஞ்சது சின்னதாப் போயிடும்னு நினைக்கிறேன். அளவு தெரிஞ்சா சட்டத்த மாத்திக்கலாம்."

அவள் இரும்பு அளவுகோலை எடுத்து ஒரு வெற்றுத் தாளை அளந்து சொன்னாள். அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்.

நகல் எடுக்கப் பத்து நிமிடம் ஆகவில்லை. முப்பத்திரண்டு வரியும் பேனாவில் வந்தது, அச்சில் இறங்கியது. ஆனால் சான்றிட்டுக் கொடுக்கும் நகலைப் பேனா மட்டும் ஒப்பிட்டால் போதாது, இரண்டு மனிதர்கள் ஒப்பம் போட வேண்டும். அந்தச் சட்டம் மாறவில்லை. அவள் தலைமை எழுத்தரிடம் போய் நின்றாள். அவர் எழுந்து வந்தார். மேசையைச் சுற்றி வந்து, அந்த நாற்காலியை லேசாக இழுத்து, அதன் முனையில் உட்கார்ந்தார். தொகுதியைத் திறந்து விரலை வைத்தார்.

"வாசிங்கம்மா."

அவள் அந்த அறையில் வாய் திறந்து வாசித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. முதல் வரி திக்கித்தான் வந்தது. இரண்டாவது வரியிலிருந்து ஓடியது. தன்னை அறியாமல் காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவர் "இருக்கு" என்றார். பதிமூன்றாவது வரி, சுவரில் கேட்காமல் வைத்த ஜன்னல். "இருக்கு."

"அந்த ஜன்னலச் சாத்து பாப்பா தாளெல்லாம் பறக்குது," என்று வாசித்தாள்.

தலைமை எழுத்தர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்து, விட்ட இடத்தில் விரலை வைத்தார்.

"இருக்கு," என்றார்.

அவள் அடுத்த வரியை வாசித்தாள்.